இரவு எட்டு மணி உரையும் ஏலமலை அடிவாரமும்

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிறகு பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் தோன்றி, முதலில் இந்தியிலும் அடுத்து ஆங்கிலத்திலும் பேசினார். அன்று நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போகும் என்பதே உரையின் சாரம். மதிப்பின்படி பார்த்தால், நாட்டில் புழங்கிய ரொக்கத்தில் சுமார் 86 விழுக்காடு அந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது. ஒரு தலைவரின் பேச்சைக் கேட்கும் குடிமக்கள் ஏன் ஆளுக்கொரு விதமாக எதிர்வினை காட்டுகிறார்கள் என்று ஆராய்வோருக்கு இப்படியொரு சந்தர்ப்பம் எளிதில் வாய்ப்பதில்லை. வழக்கமான அரசியல் கூட்டத்துக்குப் பேச்சாளரைப் பிடித்தவர்கள்தான் போகிறார்கள். பிடிக்காதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் கைதட்டலை வைத்து நாட்டின் மனநிலையைக் கணிக்க முடியாது. இந்த உரையிலிருந்தோ யாரும் ஒதுங்கி நிற்க முடியவில்லை. அதைக் கேட்காதவர்களின் மடியிலும் அந்த நோட்டுகள் இருந்தன.

எதிர்வினை எப்படிக் கிளை பிரிந்தது என்று பார்க்கத் தேனி மாவட்டத்தின் தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரம் பொருத்தமான இடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊர்களின் பிழைப்பில் பெரும்பங்கு மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போய் மாலையில் கீழே இறங்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தோட்ட முதலாளிகள் பலருக்கு வீடு போடியில். பறித்து உலர்த்திய காய், போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விலைபோகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்கள் காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் காலம். ஆக, ஒரே பயிரை நம்பியிருக்கும் தொழிலாளி, கங்காணி, ஜீப் ஓட்டுநர், மளிகைக்கடைக்காரர், வியாபாரி, முதலாளி எல்லாரும் ஒரே உரையை ஒரே இரவில் எதிர்கொண்டார்கள். காலையில் ஒரு மாநில அரசின் கீழும் இரவில் இன்னொன்றின் கீழும் இருப்பவர்கள் அவர்களில் பலர். நாடு முழுவதும் நடந்ததைச் சிறு பரப்புக்குள் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல களம் கிடைப்பது கடினம்.

இதற்கு முன்பும் நோட்டுகள் செல்லாமல் போனதுண்டு. 1946 ஜனவரியிலும், மொரார்ஜி தேசாய் ஆட்சியில் 1978 ஜனவரி 16 அன்றும் பெரிய நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1978இல் நீக்கப்பட்டவை 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகள். அக்காலத் தோட்டத் தொழிலாளிகளில் ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் கண்டவர் அரிது. வானொலிச் செய்தியில் வந்த அறிவிப்பை அவர்கள் யாரோ பணக்காரர் வீட்டுச் சங்கதியாகக் கேட்டார்கள், மறந்தார்கள். பேச்சு தன்னைத் தொடும்போதுதான் குடிமகன் அதற்கு எதிர்வினை காட்டுகிறான். 2016இல் 500 ரூபாய் என்பது ஒன்றிரண்டு நாள் கூலி. தொடாமல் விட்ட வீடே இல்லை.

முதல் வேறுபாடு, உரை காதில் விழுந்த விதத்திலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த மேக்ஸ் அட்கின்சன் 1984இல் வெளியிட்ட நூலில், அரசியல் மேடைகளில் கைதட்டல் எந்த நொடியில் எழுகிறது என்பதை ஒலி, ஒளிப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். கருத்துப் பிடித்திருப்பது மட்டும் போதாது. ‘இப்போது தட்டலாம்’ என்று பேச்சின் அமைப்பே கேட்பவருக்குச் சைகை தரவேண்டும். மூன்றாக அடுக்கி முடிப்பதும், ‘அவர்கள் அப்படி, நாம் இப்படி’ என்று எதிரெதிராக நிறுத்துவதும் அத்தகைய சைகைகள். ஜான் ஹெரிடேஜும் டேவிட் கிரேட்பேட்ச்சும் 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கட்சி மாநாடுகளில் பேசப்பட்ட 476 உரைகளை எடுத்துக்கொண்டு இதைச் சரிபார்த்தார்கள். கைதட்டல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இப்படிப்பட்ட ஏழு உத்திகளை ஒட்டியே எழுந்திருந்தது. தமிழ்நாட்டு மேடைப் பேச்சாளர்கள் அந்த ஆய்வைப் படித்தால் சிரிப்பார்கள். அடுக்குமொழியின் பலன் அவர்களுக்கு மூன்று தலைமுறையாகத் தெரியும். கைதட்டல் பரவக்கூடியதும்கூட. பக்கத்தில் இருப்பவர் தட்டினால் நம் கையும் எழுகிறது. எழுந்த கையைப் பார்த்து மனமும் ‘பேச்சு நன்றாகத்தான் இருந்தது’ என்று முடிவு கட்டுகிறது.

நவம்பர் 8 உரைக்கு எதிரே கூட்டம் இல்லை. கைதட்டலும் இல்லை, சீழ்க்கையும் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் தனியாகப் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. இந்தி அறிந்தவர் முழு உரையையும் கேட்டார். அதில் எளிய மனிதரின் நேர்மையைப் புகழும் பகுதி ஒன்று உண்டு: வண்டியில் மறந்துவிட்டுப் போன நகையைத் திருப்பித் தரும் ஆட்டோ ஓட்டுநர், தவறிக் கூடுதலாகக் கொடுத்த காசைத் திரும்பக் கொடுக்கும் காய்கறிக்காரர். அதற்கு எதிரே, கட்டிலுக்கடியில் கோடிக்கணக்கில் நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அரசு அலுவலரின் சித்திரம். நடவடிக்கையைச் சொல்லுமுன்பே கேட்பவரை நேர்மையாளர் வரிசையில் உட்கார வைத்துவிடும் கட்டுமானம் அது. இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் புரியாத அடிவாரத்து வீடுகளுக்கோ தமிழ்ச் செய்தி அலைவரிசைகளின் சுருக்கமும் திரையின் அடியில் ஓடிய வரிகளும்தான் வந்து சேர்ந்தன. எந்த உரையையும் சுருக்கினால் முதலில் உதிர்வது இத்தகைய பகுதிகளே. எஞ்சியது: நோட்டு செல்லாது, நாளை வங்கி கிடையாது, டிசம்பர் 30 வரை கணக்கில் கட்டலாம். முழு உரையைக் கேட்டவருக்கு அது அறப்போருக்கான அழைப்பு. சுருக்கத்தைக் கேட்டவருக்கு அது கடைசித் தேதி போட்ட அறிவிப்பு.

பெரும்பாலோர் தலைவரின் பேச்சைத் தலைவரிடமிருந்து கேட்பதே இல்லை என்பது சமூக அறிவியலின் பழைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஓஹியோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் வாக்காளர்களை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வானொலியும் நாளிதழும் நேரே மனத்தை மாற்றும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. மனத்தை மாற்றியதோ அண்டை வீட்டுக்காரரும் உடன் வேலை செய்பவரும்தான். ஊரில் செய்திகளைக் கூர்ந்து கவனிக்கும் சிலர் இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். எலிஹு காட்ஸுடன் சேர்ந்து லாசர்ஸ்ஃபெல்ட் 1955இல் இதை ‘இரு படி ஓட்டம்’ என்ற கோட்பாடாக விரித்தார்.

ஏலமலைச் சரிவுக்கு இந்த இரண்டாம் படி பழக்கமானது. 1958இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தபோது, தேவாரத்தை அடுத்த பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் பாட்டுகளோடு மலையேறித் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பரப்புரை செய்தார். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். மலையாளத் தலைவர்களின் வாதம் தமிழ்த் தொழிலாளியிடம் போய்ச் சேர்ந்ததற்கு, அது அவர் பக்கத்து ஊர்க்காரரின் குரலில் வந்தது ஒரு காரணம். 2016இல் அந்த இடத்தில் கங்காணியும் கணக்குப்பிள்ளையும் டீக்கடைப் பெஞ்சும் வாட்ஸ்அப்பும் இருந்தன. புதிய 2000 ரூபாய் நோட்டுக்குள் சில்லு இருக்கிறது, மண்ணுக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற வதந்தி நாடெங்கும் ஓடியது இந்தப் பாதையில்தான். உரையில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதைக் கேட்டு உரையைப் பாராட்டியவர்கள் ஏராளம். கேட்டது தலைவரின் பேச்சு அல்ல, அதைப் பற்றிய பேச்சு.

அடுத்தது நட்டக் கணக்கு. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மனிதர் லாபத்தையும் நட்டத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைந்த வலி பெரிது. 1992இல் அவர்கள் செய்த மதிப்பீட்டில் அது ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு. அப்படியானால் அதிகம் இழந்தவர் அதிகம் எதிர்த்திருக்க வேண்டும், குறைவாக இழந்தவர் ஆதரித்திருக்க வேண்டும்.

இழப்பு உண்மையில் எவ்வளவு? மூணாற்றில் 2015இல் பெண் தொழிலாளர்கள் நடத்திய புகழ்பெற்ற வேலைநிறுத்தத்தை அடுத்து, அக்டோபரில் ஏலத்தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 330 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஐம்பது பேர் வேலை செய்யும் நடுத்தரத் தோட்டத்துக்கு ஆறு நாள் கூலி மட்டும் 99,000 ரூபாய். உரைக்குப் பின் சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 20,000 ரூபாய் எடுக்கலாம் என்றிருந்தது, சில நாளில் 24,000 ஆனது. நடப்புக் கணக்கு வைத்திருப்போருக்கு 50,000. பணம் வங்கியில் இருக்கிறது, காய் செடியில் பழுக்கிறது, கூலி கொடுக்கக் கையில் நோட்டு இல்லை. நவம்பர் 14 முதல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாதென்று தடை வந்ததும், கூட்டுறவுச் சங்கத்தையே வங்கியாக வைத்திருந்த சிறு விவசாயிகள் மேலும் நெருக்கப்பட்டார்கள். தொழிலாளியின் இழப்பு வேறு வகை. நோட்டை மாற்ற வரிசையில் நின்ற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போயிற்று. மாதச் சம்பளக்காரர் அதே வரிசையில் நின்றார். அவருக்குக் கால் வலித்தது, சம்பளம் குறையவில்லை.

கணக்கில் ஏறாத இழப்பு ஒன்றும் உண்டு. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணம். அதை மாற்றுவதற்குக் கணவன் முன்போ மகன் முன்போ வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நோட்டு மாறியது, மதிப்பும் குறையவில்லை. ஆனால் இருப்பது தெரிந்துபோன சேமிப்பு இனி சிறுவாடு ஆகாது. குடித்துத் தீர்க்கும் கணவனிடமிருந்து காப்பாற்றிய பணம் அது என்றால் இழப்பின் அளவை எந்தப் பொருளாதார ஆய்வு அளக்கும்? அந்த மாதங்களைப் பற்றிய விவாதங்களில் இது மிகக் குறைவாகவே பேசப்பட்டது. பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதாலோ என்னவோ.

இத்தனை இழப்புக்குப் பின்னும், இழந்தவர் எதிர்ப்பார் என்ற எளிய கணிப்பு பலிக்கவில்லை. கேப்ரியேல் சோடோரோ-ரைக், கீதா கோபிநாத் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, செயற்கைக்கோள் பதிவு செய்த இரவு வெளிச்சத்தையும் வேலைவாய்ப்புத் தரவுகளையும் கொண்டு மாவட்டவாரியாகப் பாதிப்பை அளந்தது. 2016இன் கடைசிக் காலாண்டில் நாட்டின் பொருளாதாரச் செயல்பாடு குறைந்தது 2 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது என்பது அதன் கணக்கு. ஆனால் சில மாதங்களில், 2017 மார்ச்சில், உத்தரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில் பாரதிய ஜனதா 403இல் 312 தொகுதிகளைப் பிடித்தது. தேர்தல் முடிவுக்கு நூறு காரணம் இருக்கும். ஆனால் பணத்தட்டுப்பாடு ஆளுங்கட்சியை மூழ்கடிக்கவில்லை என்பது வெளிப்படை.

விளக்கம் நியாய உணர்வில் கிடைக்கிறது. ஜெர்மனியின் வெர்னர் கூத்தும் வேறு இருவரும் 1982இல் செய்த சோதனை ஒன்று: ஒருவரிடம் ஒரு தொகை கொடுத்து, முன்பின் தெரியாத இன்னொருவருடன் பங்கிடச் சொல்கிறார்கள். இரண்டாமவர் பங்கை ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. நூறில் பத்து ரூபாய் தந்தாலும் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பிற்பாடு பல நாடுகளில் திரும்பச் செய்தபோதும், ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக நீட்டப்பட்டால் பலரும் மறுத்துவிடுகிறார்கள். தனக்குப் பத்து ரூபாய் போனாலும் போகட்டும், எதிரிலிருப்பவனுக்குத் தொண்ணூறு போக வேண்டும். எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கேக்டரும் 2002இல் இன்னும் ஒரு படி போனார்கள். பொதுப் பணத்தில் பங்கு கொடுக்காமல் பலனை மட்டும் சுருட்டுகிறவனைத் தண்டிக்க, திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தும் ஆட்கள் தங்கள் சொந்தக் காசைச் செலவழித்தார்கள்.

வரிசையில் நின்ற தொழிலாளியின் ஆதரவை இதன்படி புரிந்துகொள்ளலாம். அவருக்குப் போனது இரண்டு நாள் கூலி. லஞ்சம் வாங்கியவனுக்கும் கணக்கில் காட்டாமல் பதுக்கியவனுக்கும் மூட்டை மூட்டையாகப் போகிறது என்று அவர் நம்பினார். இப்படி நம்பியவருக்குத் தன் இழப்பு அபராதமல்ல, அவர் கட்டிய சந்தா. ஏழைகள் ஏமாந்தார்கள், அறியாமையால் கைதட்டினார்கள் என்று அப்போது நகரத்துப் பத்திகளில் எழுதப்பட்டதெல்லாம் இதைத் தவறவிட்டது. அவர்களின் கணக்கு தெளிவானது. அதில் போட்ட ஓர் எண் சரியா என்பதே கேள்வி. வசதியுள்ளவர்கள் உண்மையிலேயே இழந்தார்களா? டிசம்பரில் சென்னையிலும் பிற ஊர்களிலும் நடந்த வருமானவரிச் சோதனைகளில் புதிய 2000 ரூபாய் நோட்டுகள் கோடிக்கணக்கில் பிடிபட்டதாகச் செய்தி வந்தபோது, அந்த எண்ணின்மேல் சந்தேகம் விழுந்தது. ஒரு நோட்டுக்காக நாள் முழுக்க நின்றவர், கட்டுக்கட்டாக அதே நோட்டு இன்னொருவர் வீட்டில் கிடந்ததைப் பார்க்கிறார். ஆதரவைத் தந்த அதே நியாய உணர்வு கோபத்தையும் தந்தது.

நியாய உணர்வு வேலை செய்வதற்கே முதலில் பேசுபவர் மேல் ஏதோ ஓர் எண்ணம் வேண்டும். ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃபும் ஹேட்லி கான்ட்ரிலும் 1954இல் வெளியிட்ட ஆய்வு, டார்ட்மத், பிரின்ஸ்டன் ஆகிய இரு அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முரட்டுத்தனமான கால்பந்தாட்டம் ஒன்றைப் பற்றியது. ஒரே படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி டார்ட்மத் அணியின் தவறுகளை எண்ணச் சொன்னபோது, பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இருமடங்குக்கு மேல். ஒரு தரப்பு பொய் சொன்னது என்று ஆய்வாளர்கள் கருதவில்லை. இரு தரப்பும் கண்டதே வேறு. ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு நலத்திட்டத்தை மாணவர்களிடம் கொடுத்து அதை எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்பதை மட்டும் மாற்றிச் சொன்னார். தம் கட்சி ஆதரிக்கிறது என்று சொன்னால், வழக்கமாகத் தாம் எதிர்க்கும் வகைத் திட்டத்தையும் மாணவர்கள் ஏற்றார்கள். திட்டத்தைப் படித்தே முடிவெடுத்தோம் என்றும் நம்பினார்கள்.

இந்தக் கட்சிச் சைகை மலையின் மேலும் கீழும் ஒன்றுபோல் இல்லை. கேரளத்தில் அப்போது ஆண்ட இடதுசாரி முன்னணி வெளிப்படையாக எதிர்த்தது. முதல்வர் பினராயி விஜயன் தம் அமைச்சரவையுடன் நவம்பர் 18 அன்று திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் முன் சத்தியாகிரகம் இருந்தார். கீழே தமிழ்நாட்டிலோ முதல்வர் ஜெயலலிதா செப்டம்பர் 22 முதல் மருத்துவமனையில். அவருடைய துறைகளைக் கவனித்தவர் நிதியமைச்சரும் போடிநாயக்கனூரின் சட்டமன்ற உறுப்பினருமான ஓ. பன்னீர்செல்வம். திமுக நடைமுறையை எதிர்த்துப் போராடியது. ஆளுங்கட்சித் தொண்டருக்கோ எந்தப் பக்கம் சாய்வது என்ற உறுதியான சைகை கிடைக்கவில்லை, அவர் கவனமும் மருத்துவமனை வாசலில் இருந்தது. மேலே தோட்டத்தில் கொடிபிடித்த தொழிற்சங்கம் ஒன்று சொல்லிற்று. கீழே ஊரில் அவரவர் யூகம்.

பேசுபவர்மேல் உள்ள நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே ஊர்ப்பக்கத்தில் இன்னொரு சான்று உண்டு. 2012 ஜனவரி 3 அன்று புவனேசுவரத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங், தேனி மாவட்டத்தில் சுமார் 1350 கோடி ரூபாயில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைக் குறிப்பிட்டார். இடம், தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தின் மலை. மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, 50,000 டன் காந்த இரும்பாலான உணர்கருவியை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்வது நோக்கம். நியூட்ரினோ நொடிதோறும் கோடிகோடியாக நம் உடலை ஊடுருவிப் போகும் துகள்; தீங்கற்றது. இயற்பியலாளர்கள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடிவாரத்து விவசாயிகளின் கேள்வி அதுவல்ல. வெடி வைத்தால் ஊற்று வற்றுமா, மேய்ச்சல் நிலம் என்னாகும், பிறகு அங்கே அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டமாட்டார்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்பதே அவர்களின் கேள்வி. பால் ஸ்லோவிக் 1987இல் தொகுத்துக் காட்டியபடி, வல்லுநர்கள் அபாயத்தை ஆண்டுச் சாவு எண்ணிக்கையால் அளக்கிறார்கள். பொதுமக்கள் அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, நாமாக ஏற்றதா, கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நியூட்ரினோ மூன்றிலும் தோற்றது. திட்டத்தை 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏற்றது; அதே ஆண்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இடைக்காலத் தடை வந்தது; 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அறிவித்தது காங்கிரஸ் பிரதமர், அமைச்சரவை ஒப்புதல் தந்தது பாரதிய ஜனதா அரசு. ஆகவே பொட்டிப்புரத்தின் ஐயத்தைக் கட்சிச் சார்பால் விளக்க முடியாது. யார் பேசினாலும் தொலைவிலிருந்து வரும் உறுதிமொழியை இந்த ஊர் தள்ளி வைத்தே கேட்டது.

மக்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று அளப்பது எளிதல்ல. நவம்பர் 8 உரைக்கு இரண்டு வாரத்துக்குப் பின் பிரதமரின் பெயரிலான செல்பேசிச் செயலியில் கருத்துக் கேட்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பதில் தந்ததாகவும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்றும் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் முடிவு சரியாக இருக்கும் என்ற மயக்கத்தை 1936லேயே ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க இதழ் அனுபவித்துத் தீர்த்துவிட்டது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குச்சீட்டுகளைத் திரட்டி, அவ்வாண்டு அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று கணித்தது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளுக்கே அது பெரும்பாலும் சீட்டு அனுப்பியிருந்தது, அவர்களிலும் விருப்பமுள்ளவர்களே திருப்பி அனுப்பினார்கள். ஒரு தலைவரின் பெயரிலுள்ள செயலியைத் தரவிறக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக்கு ஜீப்பேறியவர்களில் அது எத்தனை பேரிடம் இருந்திருக்கும்?

நேரில் கேட்டாலும் சிக்கல் தீராது. எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் விளக்கிய ‘மௌனச் சுருள்’ இங்கே பொருந்தும்: தன் கருத்து சிறுபான்மை என்று கருதுகிறவர் வாயை மூடிக்கொள்கிறார், அதனால் அக்கருத்து மேலும் சிறுபான்மையாகத் தெரிகிறது, இன்னும் பலர் மௌனமாகிறார்கள். அந்த மாதங்களில் எதிர்ப்பவரிடம் ‘உன்னிடம் கறுப்புப் பணம் இருக்கிறதா’ என்ற கேள்வி தயாராக இருந்தது. தினமும் ரொக்கத்தில் புரளும் வியாபாரிக்கு அந்தக் கேள்வி வசதியானதல்ல. தொழிற்சங்கக் கூட்டத்தில் ஆதரவாளரும் இதேபோல் அடக்கி வாசித்திருப்பார். வாக்குப் பெட்டியும் தெளிவான விடை தரவில்லை. வரிசைகள் நீண்டிருந்த நவம்பர் 19 அன்றே தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தொகுதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. மூன்றிலும் அதிமுக வென்றது. அது நோட்டுக்கான தீர்ப்பா, மருத்துவமனையில் இருந்த தலைவருக்கான வாக்கா என்று பிரிக்க வழியில்லை.

காலம் செல்லச் செல்லத் தரவுகள் வந்தன. ரிசர்வ் வங்கியின் 2018 ஆண்டறிக்கைப்படி, செல்லாமல் ஆக்கப்பட்ட சுமார் 15.42 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 விழுக்காடு, வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது. மூட்டைகள் காகிதமாகவில்லை. தொழிலாளி தன் கணக்கில் போட்ட எண் தவறு என்று இதற்குப் பொருள். ஆனாலும் கருத்துகள் கூட்டமாகத் தடம் மாறிவிடவில்லை. சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் 1979இல் காட்டியதைப்போல, சான்று கலவையாக இருந்தால் ஒவ்வொரு தரப்பும் தனக்கு உதவுவதை எடுத்துக்கொண்டு முன்பைவிட உறுதியாகிவிடுகிறது. ‘எல்லாம் திரும்பி வந்துவிட்டது, ஆகவே தோல்வி’ என்றது ஒரு தரப்பு. ‘எல்லாம் கணக்குக்கு வந்துவிட்டது, ஆகவே வெற்றி’ என்றது இன்னொன்று. அரசே அதற்கு இடம் கொடுத்தது. ஊழல், கறுப்புப் பணம், கள்ள நோட்டு, பயங்கரவாதம் ஆகியவற்றைப் பேசிய முதல் உரைக்குப் பின் சில வாரங்களிலேயே ரொக்கமில்லாப் பரிமாற்றம் என்ற நோக்கம் முன்னுக்கு வந்தது. ஆதரவாளர் ஒரு காரணம் தளர்ந்ததும் அடுத்ததைப் பற்றிக்கொள்ளலாம்.

பின்னாளில் கேட்டால் முதல் இரவின் எதிர்வினையும் சரியாக நினைவுக்கு வருவதில்லை. 1992 அமெரிக்கத் தேர்தலில் ரோஸ் பெரோ ஜூலையில் போட்டியிலிருந்து விலகி, அக்டோபரில் மீண்டும் இறங்கினார். அவருடைய ஆதரவாளர்கள் விலகலின்போது அடைந்த வருத்தத்தையும் கோபத்தையும் லிண்டா லெவின் உடனே பதிவு செய்துகொண்டு, தேர்தலுக்குப் பின் மறுபடி அவர்களையே கேட்டார். பெரோவிடம் திரும்பி வந்தவர்கள் அன்று பட்ட கோபத்தைக் குறைத்துச் சொன்னார்கள். நினைவு, இன்றைய நிலைக்கு ஏற்ப நேற்றைத் திருத்திக்கொள்கிறது. ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ என்று போடியிலும் தேவாரத்திலும் இன்று இரு தரப்பாரும் சொல்வதை அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நடவடிக்கையை ஏற்றது, நீதிபதி பி. வி. நாகரத்னா மாறுபட்டார். அதே ஆண்டு மே 19இல் ரிசர்வ் வங்கி 2000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்தது 3.62 லட்சம் கோடி ரூபாய் மதிப்பு, மொத்த நோட்டுகளின் மதிப்பில் 10.8 விழுக்காடு. மாற்றிக்கொள்ள நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது, நோட்டு சட்டப்படி செல்லுபடியாகவே தொடர்ந்தது. அறிவிப்பு வந்தது ஒரு செய்திக் குறிப்பில். எந்தத் தலைவரும் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டுக்கு உரையாற்றவில்லை. பெட்ரோல் பங்குகளிலும் நகைக்கடைகளிலும் சில நாள் 2000 ரூபாய் நோட்டுகள் கூடுதலாக வந்தன, அத்தோடு சரி.